இளம்பிள்ளை சேலையும் மார்ச் 31-ம்

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நாலு விசைத்தறி போட்டிருப்பவருக்கு வார முடிவு வந்தால் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி எண்ணி வைத்தாக வேண்டும். நூல் கடைக் கடனும் அதிக நாள் நீளாது. ஆனால் தீபாவளிக்குச் சேலை எடுத்துப்போன வெளியூர் பார்ட்டி, பொங்கல் கழித்துத்தான் பணம் அனுப்புவார். நடுவில் வீட்டு நகை அடகுக்குப் போகும். இதை மாற்ற அரசு மானியம் எதுவும் தரவில்லை. வருமான வரிச் சட்டத்தில் ஒரே ஒரு உட்பிரிவைச் சேர்த்தது.

அந்த உட்பிரிவு நம்பியிருக்கும், சரக்குக்குப் பணம் தர 45 நாள் கெடு என்பது புதிதல்ல. குறு, சிறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அடுத்த ஆர்டரை நம்பி இருப்பவர் வட்டி கேட்டு வழக்குப் போடுவாரா? என் கண்ணுக்குத் தெரிந்து யாரும் போட்டதில்லை.

2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த 43பி(எச்) உட்பிரிவு, கேட்கும் வேலையைத் தறி முதலாளியிடமிருந்து எடுத்து, வாங்குபவரின் ஆடிட்டரிடம் கொடுத்தது. பொதுவாக, சரக்கு வாங்கினால் பணம் கொடுக்காவிட்டாலும் அந்த ஆண்டிலேயே செலவு எழுதிக்கொள்ளலாம். 2023-24 கணக்கிலிருந்து, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டி பாக்கி வைத்தால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அது செலவு.

பிப்ரவரி 1 அன்று 10 லட்சம் ரூபாய்க்குச் சேலை போகிறது. எழுத்து ஒப்பந்தம் உண்டு. கெடு மார்ச் 18. வாங்கிய பார்ட்னர்ஷிப் நிறுவனம் ஏப்ரல் 10-ல் பணம் தருகிறது. மார்ச் 31-ல் முடிந்த நிதியாண்டின் செலவில் அந்த 10 லட்சம் வராது. லாபம் அவ்வளவு கூடிவிடும். 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து ரூ.3,12,000 கூடுதலாகக் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு அந்தச் செலவை எழுதி ஈடுகட்டலாம் என்றாலும், அதுவரை பணம் முடங்கும். அதற்குப் பதில் வங்கியில் 12 சதவீதத்துக்கு 10 லட்சம் வாங்கி மார்ச்சிலேயே கொடுத்தால், ஒரு மாத வட்டி ரூ.10,000 மட்டுமே. வாங்குபவரின் கணக்கே அவரை அசைக்கிறது. இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஓட்டையும் இருக்கிறது. ஜூனில் போன பில்லுக்கு மார்ச் 20-ல் பணம் வந்தால், ஒன்பது மாதம் இழுத்தடித்தும் வரியில் ஒரு நஷ்டமும் இல்லை. கொடுத்ததும் அதே நிதியாண்டில்தானே. அதனால் இந்தப் பிடி இறுகுவது பிப்ரவரி, மார்ச்சில்தான். தீபாவளிப் பாக்கிக்காக அடகு போன நகை, நிதியாண்டு முடியும்வரை மீளாமல் போகலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கும், நடுத்தர நிறுவனத்துக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லாதவரிடம் வாங்கினால் சிக்கலில்லை என்று சில பார்ட்டிகள் நினைப்பார்கள். அதற்குப் பயந்து பதிவை விட்டுவிடக் கூடாது.

இளம்பிள்ளைக்காரர்கள் மூன்று காரியம் செய்யலாம். பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சடிக்க வேண்டும். எத்தனை நாளில் பணம் என்பதை எழுதி வாங்க வேண்டும். நாள் எண்ணிக்கை சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து தொடங்குவதால், சேலை மூட்டை (பேல்) இறங்கியதும் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் டெலிவரி சலானில் விழவேண்டும்.