தொடர் செக்: தோற்கிற ஆட்டத்தைக் காப்பாற்றும் சொல்

சதுரங்க வர்ணனைகளில் ‘பெர்பெச்சுவல் செக்’ என்று அடிக்கடி காதில் விழும். ராஜாவுக்கு ஒரு செக். நகர்ந்தால் இன்னொரு செக். திரும்பி வந்தால் மறுபடி பழைய செக். மேட்டும் (ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடிவது) ஆகாது, தப்பவும் முடியாது. சரி, டிரா.

2004இல் மாஸ்கோவில் முன்னாள் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ் கறுப்புக் காய்களோடு ஸ்பெயினின் வல்லேஹோ போன்ஸை எதிர்த்து ஆடிய ஆட்டம் இதற்கு அருமையான உதாரணம். சிசிலியன் நய்டார்ஃப் என்ற தொடக்க ஆட்டமுறையில் ‘நஞ்சூட்டிய சிப்பாய்’ என்ற வகை. பி2 கட்டத்தில் இருக்கும் வெள்ளைச் சிப்பாயைக் கறுப்பு ராணி துணிந்து தின்னும். கொஞ்சம் பிசகினால் ஆட்டம் காலி. கடைசியில் வெள்ளை ராணி எஃப்7இல், யானை ஜி3இல். ஒரே ஒரு நகர்த்தல் கிடைத்தால் போதும், காஸ்பரோவுக்கு மேட். அவர் அந்த ஒன்றைக் கொடுக்கவே இல்லை. ராணியை எஃப்2, டி4 என்று மாற்றி மாற்றி வைத்துச் செக் சொல்லிக்கொண்டே இருந்தார்.

‘செக்’ பாரசீகத்தின் ‘ஷா’. பொருள், அரசன். அரபி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ‘சரிபார்’ என்ற பொருளில் நாம் சொல்லும் செக்கும், வங்கிச் செக்கும்கூட இதன் வாரிசுகள்தான். ‘பெர்பெச்சுவல்’ லத்தீன் ‘பெர்பெட்டுவுஸ்’, அறுபடாமல் தொடர்வது.

அதனால்தான் ‘நிரந்தர முற்றுகை’ என்ற மொழிபெயர்ப்பு எனக்குப் பிடிப்பதில்லை. நிரந்தரமாக எதுவும் நடப்பதில்லை, நாலைந்து செக்கில் கதை முடிந்துவிடும். ‘தொடர் முற்றுகை’ மூலத்துக்கு நெருக்கம். ஆனால் முற்றுகை என்றால் கோட்டையைச் சுற்றி வளைத்து உட்கார்வது; இங்கே நடப்பதோ துரத்தல். எனவே பேச்சில் ‘தொடர் செக்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொரு வேடிக்கை, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் இன்றைய விதிகளில் தொடர் செக் என்று தனி விதியே கிடையாது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம். ஐந்து முறை வந்தால் நடுவரே முடித்துவைப்பார். மாஸ்கோவில் அதுவரைகூடப் போகவில்லை. வெள்ளை ராஜா இரண்டாம் முறை சி3க்கு வந்ததுமே ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள்.