“அக்கவுண்ட் மட்டும்தான் சார் கொடுத்தான்”

போன வாரமும் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். கையில் மகனின் வங்கிக் கணக்கை முடக்கியதற்கான கடிதம், கூடவே விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு சம்மன். பையன் கல்லூரியில் படிக்கிறான். “கஞ்சாவை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை சார், அக்கவுண்ட் மட்டும்தான் கொடுத்தான்.” இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஏடிஎம் கார்டு, பாஸ்புக், சிம் மூன்றையும் ஏரியா ‘அண்ணன்’ ஒருவரிடம் கொடுத்தால் மாதாமாதம் கைச்செலவுக்குக் காசு. கஞ்சா விற்ற பணம் அந்தக் கணக்கு வழியாகப் போய்வரும்.

பொட்டலத்தைத் தொட்டால்தான் குற்றம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. படித்தவர்களிடமும் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கடத்தலுக்குப் பணம் போட்டவருக்கு 27ஏ பிரிவில் 10 முதல் 20 ஆண்டு சிறை. உடந்தைக்கும் கூட்டுச்சதிக்கும் 29-ஆம் பிரிவு. “தெரியாமல் செய்தேன்” என்றால், தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 35-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இதற்கு மேல் 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம். குற்றத்தில் வந்த பணம் என்று தெரிந்தே வைத்திருந்தாலும், பயன்படுத்தினாலும், மறைக்க உதவினாலும் 3-ஆம் பிரிவில் குற்றம். மற்றக் குற்றங்களுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு. போதைப்பொருள் பணம் என்றால் 10 ஆண்டு. எல்லாக் கஞ்சா வழக்கும் அமலாக்கத்துறை வரை போவதில்லை, உண்மைதான். போய்விட்டால் ஜாமீன் வாங்குவதற்குள் எங்களுக்கே நாக்குத் தள்ளிவிடும். ஜாமீனுக்கு அந்தச் சட்டம் விதிக்கும் கடுமையான நிபந்தனைகள் செல்லும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஐந்நூறு, ஆயிரம் என்று சின்னச் சின்னத் தொகையாக வந்தால் யாருக்கும் தெரியாது என்பது அடுத்த கற்பனை. 10 லட்சத்தைத் தாண்டினால்தான் வங்கி மேலிடத்துக்குத் தெரிவிக்கும் என்ற கணக்கெல்லாம் ரொக்கப் பரிவர்த்தனைக்கு. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை என்றால் தொகை எவ்வளவானாலும் வங்கி டெல்லியில் உள்ள நிதி நுண்ணறிவுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். அனுப்பியதை உங்களிடம் சொல்லக் கூடாது என்பதும் விதி. மேனேஜர் சிரித்துப் பேசினார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

தமிழகக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ என்ற சிறப்பு நடவடிக்கையை நடத்திய காலத்திலிருந்தே வியாபாரிகளின் கணக்குகளோடு உறவினர்களின் கணக்குகளையும் முடக்கி வருகிறது. பெரிய வழக்குகளில் பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோர் பெயரில் உள்ள சொத்தையும் சட்டம் விடாது. பணத்தின் வழியே போவது சரியான வழிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கல்லூரிகளில் வருடாவருடம் கையை நீட்டிப் போதைப்பொருளுக்கு எதிரான உறுதிமொழி எடுக்கவைக்கிறார்களே, அதில் “அக்கவுண்ட்டை வாடகைக்கு விடமாட்டேன்” என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? சரக்கை அனுப்பும் ஆள் வெளிமாநிலத்தில் இருப்பான். கைக்குக் கிடைப்பவன் ஆதார் கொடுத்துக் கணக்குத் தொடங்கிய நம் பையன்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே வங்கிக்குப் போங்கள். கார்டை முடக்கி, கணக்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், தயவுசெய்து! பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். உங்கள் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சியும் பல நேரம் அதுதான். முன்பின் தெரியாத பணம் கணக்கில் விழுந்து, “தப்பா வந்துடுச்சு, இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க” என்று போன் வந்தால் அனுப்பாதீர்கள். வங்கியில் எழுத்துமூலம் சொல்லுங்கள். சம்மன் வந்தால் ஓடி ஒளியாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-ஐ அழையுங்கள், இலவச சட்ட உதவி உண்டு.

பையனுக்கே பழக்கம் இருந்தால் போலீஸுக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்து மறைக்காதீர்கள். அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், உட்கொண்டதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு ரத்தாகலாம். ஆலோசனைக்கு 14446, கட்டணம் கிடையாது.