கசரோல் என்றால் சட்டியோ, கறியோ?

போன மாதம் லண்டனிலிருந்து வந்த மச்சாள், பெட்டியைத் திறந்து ஒரு ஸ்லோ குக்கரை, அதாவது மெதுவாகச் சமைக்கிற மின்சாரச் சட்டியை, எடுத்து எங்கள் குசினி மேசையில் வைத்து, "நாளைக்கு இதில ஒரு கசரோல் செய்து காட்டுறன்" என்றார். சென்னையில் படித்துவிட்டு வந்த பெறாமகளுக்கு அது விளங்கவில்லை. "கேசரோலா? அது சப்பாத்தி சூடாறாமல் வைக்கிற டப்பாதானே, சித்தி?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்த அம்மம்மா இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்து, "முதலில இது சட்டியோ கறியோ எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு ஒருவரும் சரியான பதில் சொல்லவில்லை. பிறகு தேடிப் பார்த்தால், அந்தச் சொல்லின் முழுக் கதையும் அம்மம்மாவின் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. எங்கே பிறந்தது, என்ன பொருளெல்லாம் மாறியது, தமிழில் அதற்கு என்ன சொல் சரியாக வரும் என்று நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கசரோல் பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் காஸ் என்றால் ஒரு வகைச் சட்டி, அதன் சிறிய வடிவம் கசரோல், அதாவது கைபிடி வைத்த சின்னச் சட்டி. காஸ் தெற்குப் பிரான்சின் புரோவென்சால் மொழியிலிருந்து வந்தது, அதற்கு முன்னால் இடைக்கால லத்தீனில் காத்தியா என்று இருந்தது. அதற்கும் மூலம் கிரேக்கத்தின் குயாதோஸ் ஆக இருக்கலாம் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். குயாதோஸ் என்பது விருந்தில் பெரிய கலயத்திலிருந்து வைனை மொண்டு ஊற்றுகிற நீண்ட காம்புள்ள கிண்ணம், நம் வழக்கில் சொன்னால் அகப்பை மாதிரி ஒன்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நாம் சொல்லுவோம்; இந்தச் சொல்லோ அகப்பையில் தொடங்கிச் சட்டிக்கு வந்திருக்கிறது.

ஆங்கிலத்துக்குள் அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனது. அப்போதும் பொருள் சட்டி மட்டும்தான். அந்தச் சட்டியில் வெந்த உணவையும் அதே பெயரால் கூப்பிடுகிற வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் நன்றாகப் பரவியது. அப்புறம் நாட்டுக்கு நாடு அது வேறு வேறு சாப்பாடாகிவிட்டது. இங்கிலாந்தில் இறைச்சியும் மரக்கறியும் போட்டு மூடி, அவணில் மெதுவாக வேகவைத்த குழம்பு கசரோல். அமெரிக்காவில் அகலத் தட்டில் நூடில்ஸோ போஞ்சியோ பரப்பி, டின்னில் வருகிற கட்டி சூப்பை ஊற்றி, மேலே மொறுமொறுப்பாக ஏதாவது தூவி பேக் பண்ணுவது கசரோல். 1955இல் காம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையலறையில் டோர்கஸ் ரெய்லி உருவாக்கிய பச்சைப் போஞ்சி கசரோல் அங்கே இன்றைக்கும் நன்றி நவிலல் நாளில் மேசைக்கு வருகிறது. இந்தியாவில் சொல் பழையபடி பாத்திரத்துக்கே திரும்பி, சூடு தாங்குகிற மூடி டப்பாவாகிவிட்டது. ஆகவே மச்சாள் சொன்னதும் சரி, பெறாமகள் சொன்னதும் சரி.

திருகோணமலைக்காரருக்கு இதில் இன்னொரு விசயம் இருக்கிறது. கசரோல் என்ற சொல்லைச் சொந்த வாயால் சொல்லுகிற பிரெஞ்சுக்காரர் இந்த ஊருக்கே வந்திருக்கிறார்கள். 1782 ஆகஸ்டில் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார், செப்டம்பர் 3ஆம் திகதி நம் கடலிலேயே பெரிய சண்டையும் நடந்தது. ஆனால் அவர்கள் இங்கே தங்கிய காலம் கொஞ்சம், அடுப்படி வரைக்கும் அவர்களுடைய மொழி வரவில்லை. போர்த்துக்கேயர் கதை வேறு. 1624இல் கோணேசர் மலையடியில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள், அவர்கள் விட்டுப்போன சொற்களை நாம் இன்றைக்கும் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்: சமைக்கிற இடம் குசினி, பொரிக்கிற சட்டி தாச்சி, காலையில் வாங்குகிற பாண், எல்லாம் அவர்களுடையவை. அம்மம்மாவிடம் தாச்சி வெளிநாட்டுச் சொல் என்று சொன்னால் நம்பவே மாட்டார். ஒரு சொல் அடுப்பில் ஏறி எத்தனை தலைமுறை வெந்தது என்பதுதான் அது நம்முடையதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன். கசரோல் இன்னும் அப்படி ஏறவில்லை. ஆகவே அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.

சரி, ஸ்லோ குக்கர்? மண்ணில் சுட்டு மெருகு பூசிய கனமான சட்டி, அதைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகிற ஒரு உறை, மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த இர்விங் நாக்சன் அமெரிக்க யூதர், 1940இல் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் இருந்த தன் முன்னோர் வெள்ளிக்கிழமை மாலை சோலன்ட் என்ற இறைச்சியும் அவரையும் சேர்ந்த சட்டியை ஊர்ப் பேக்கரியின் அடுப்பில் வைத்துவிட்டு வருவார்கள், ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே அது இரவு முழுக்க வேகும் என்று தாயார் சொன்ன கதையிலிருந்துதான் யோசனை வந்தது என்று சொல்லுவார்கள். 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த வருசம் கிராக்-பாட் என்று பெயர் வைத்து விற்றது. கிராக் என்றால் பழைய ஆங்கிலத்தில் மண்பாத்திரம். ஆக, அதுவும் மண்சட்டிதான்.

இனித் தமிழுக்கு வருவோம். மெதுச்சமைப்பான், மென்சூட்டுக் கலன் என்றெல்லாம் சொல் கட்டலாம், இலக்கணப்படி பிழையும் இல்லை. ஆனால் "அந்த மெதுச்சமைப்பானை இஞ்சால எடு பிள்ளை" என்று எந்த வீட்டிலும் ஒருவரும் சொல்லப்போவதில்லை, சொல்ல வராத சொல் அகராதியில் கிடந்து என்ன பயன்? தணல் நல்ல சொல், "தணல்ல வை" என்று நாமே சொல்லுகிறோம். ஆனால் தணற்சட்டி என்றால் பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் வளர்ந்த எனக்கு நேர்த்திக்கு ஏந்துகிற தீச்சட்டிதான் கண்ணுக்கு வருகிறது. அதைச் சமையலுக்கு இழுக்க மனம் வரவில்லை.

எனக்குப் பொருத்தமாகப் படுவது புழுக்கு. புழுங்கு என்றால் சூடு வெளியே போகாமல் உள்ளேயே நின்று வேகிறது. மழைக்கு முந்தின மாதங்களில், கடற்காற்றும் நின்றுபோய், பாயில் படுத்தால் முதுகு ஒட்டுகிற அந்த நாட்களில் நாம் புழுக்கம் என்று சொல்லுவது அதைத்தான். மனம் புழுங்குகிறது என்பதும் அதுதான், மூடி போட்ட சூடு. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால் புழுங்கல் அரிசி. பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். சங்க இலக்கியமான பொருநராற்றுப்படையில் பாடி வந்தவர்களுக்குப் போட்ட விருந்தைச் சொல்லும்போது செம்மறி இறைச்சியைத் "துருவையம் புழுக்கு" என்று சொல்லியிருக்கிறது. மலையாளத்தில் இன்றைக்கும் கிழங்கை மசிய வேகவைத்தால் புழுக்கு என்கிறார்கள். இறைச்சி, கிழங்கு இரண்டுக்குமே பழகிய சொல், மூடிய சூட்டில் மெதுவாக வேகிறது என்ற பொருளும் உள்ளேயே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

இப்போது அம்மம்மாவின் கேள்வி, சட்டியோ கறியோ. கந்தளாய் வீதியில் போனால் கடை வழியே மண்சட்டிகளில் எருமைத் தயிர் அடுக்கியிருப்பார்கள், வாயில் கடதாசி கட்டி. அதைச் சட்டித் தயிர் என்கிறோம். தயிரை முடித்து, கழுவி, வாசலில் பூக்கன்று வைத்த பிறகும் அந்தச் சட்டி தயிர்ச்சட்டிதான். கவனியுங்கள், இரண்டும் அதே இரண்டு சொற்கள். சட்டித் தயிர் தயிர், தயிர்ச்சட்டி சட்டி. தமிழில் கடைசியில் நிற்கிற சொல்தான் அது என்ன பொருள் என்று சொல்லும், முன்னால் நிற்பது எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்லும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முட்டிக்கொண்ட பாத்திரமும் சாப்பாடும் நம் மொழியில் சொல்லை முன்பின் மாற்றினாலே பிரிந்துவிடுகின்றன.

ஆகவே நான் சொல்லுவது இது. கசரோல் என்ற சாப்பாடு சட்டிப்புழுக்கு. ஸ்லோ குக்கர் புழுக்குச்சட்டி. அவணில் வைக்கிற கசரோல் பாத்திரத்துக்கு மூடுசட்டி போதும். பெறாமகள் சொன்ன சென்னை டப்பாவுக்குச் சூடாறாப் பெட்டி.

பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கச் சமைத்தே பார்த்தோம். மச்சாள் போட்ட முறை வேலைநாளுக்கு நல்ல வசதி. ஐந்து பேருக்கு ஒரு கிலோ கோழி, நாலு உருளைக்கிழங்கு, மூன்று கரட், இரண்டு வெங்காயம், ஆறு பல் உள்ளி, இரண்டு தக்காளி. கிழங்கும் கரட்டும் சட்டியின் அடியில், கோழி மேலே. புழுக்குச்சட்டியில் இறைச்சியைவிடக் கிழங்குதான் வேக நேரம் எடுக்கும், சூடும் அடியிலும் ஓரத்திலும்தான் கூட. மச்சாள் மிளகும் உப்பும் மட்டும்தான் போடுவாராம். அம்மம்மா விடவில்லை, இரண்டு கரண்டி கறித்தூள், ஒரு துண்டு கறுவா, ரம்பை, கறிவேப்பிலை எல்லாம் போட்டுவிட்டார். தண்ணீர் ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம். மூடி நீராவியைத் திருப்பி உள்ளேயே விழுத்துகிறது, ஒன்றும் வற்றாது, வழமையாகக் கறிக்கு விடுகிற அளவு விட்டால் ரசம் மாதிரி ஆகிவிடும்.

காலை ஏழரைக்கு லோவில் வைத்துவிட்டு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனோம். லோ என்றால் ஏழு, எட்டு மணித்தியாலம், ஹை என்றால் நாலு. பெரும்பாலான சட்டிகளில் இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் வரும், போய்ச் சேர எடுக்கிற நேரம்தான் வேறு. இடையில் மூடியைத் திறக்கக்கூடாது, ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிசத்துக்கு மேல் வேண்டும். அன்றைக்கு வீட்டில் தனியே இருந்த அம்மம்மாவுக்கு அதுதான் பெரிய கஷ்டம். கிளறாமல் ஒரு கறி வேகும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை, கண்ணாடி மூடியில் முத்து முத்தாகக் கோத்து வழிகிற நீரைப் பார்த்தபடி பக்கத்திலேயே கதிரையைப் போட்டு இருந்தாராம். "சரியான புழுக்கம் உள்ளுக்க" என்று அவர் சொன்னதாகப் பின்னேரம் வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நான் அந்தச் சொல்லைப் பற்றி அம்மம்மாவிடம் அதுவரை ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

தேங்காய்ப்பாலைக் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் விட வேண்டும், காலையிலேயே விட்டால் திரிந்துவிடும். இரவு இடியப்பத்துடன் சாப்பிட்டோம், மிச்சம் அடுத்த நாள் பாணுக்கு.

எல்லாமும் இந்தச் சட்டிக்குச் சரிவராது. அறக்குளா, பாரை மாதிரி மீனைப் போட்டு நாள் முழுக்க விட்டால் கரைந்துவிடும், மீனுக்கு மண்சட்டியும் கால் மணித்தியாலமும் போதும். ராஜ்மா என்கிற சிவப்பு அவரை விதையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, அடுப்பில் பத்து நிமிசமாவது நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான் போட வேண்டும், அதில் இருக்கிற நஞ்சு மெல்லிய சூட்டில் போகாது. மரவள்ளியை இதில் வைக்கவே வேண்டாம். அதை மூடாமல் அவிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லித் தந்தது அதன் நஞ்சு ஆவியோடு போவதற்குத்தான், இந்தச் சட்டியோ ஆவியை வெளியே விடாது. உறைந்த இறைச்சியை அப்படியே போடுவதும் கூடாது. நாங்கள் வெளியே இருந்த நேரத்தில் கரண்ட் போய் மணிக்கணக்கில் நின்றது என்று தெரிந்தால் அந்தச் சட்டிப்புழுக்கைக் கொட்டிவிட வேண்டும். 2022இல் இலங்கையில் நடந்த மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எழுதும்போது ஒன்று. சட்டிப்புழுக்கில் ப் விழும், புழுக்குச்சட்டியில் ச் விழும், இரண்டையும் விடாமல் எழுதுங்கள். பன்மை வேண்டுமென்றால் புழுக்குச்சட்டிகள். உணவுக்குப் பன்மை வேண்டாம், இரண்டு கறி என்பதுபோல இரண்டு சட்டிப்புழுக்கு என்றே சொல்லலாம். எங்கள் வீட்டில் பெறாமகள் ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு சொல்லையும் எழுதி, அந்தக் குக்கர் வைக்கிற தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறாள். அம்மம்மாவுக்குக் கடதாசி தேவைப்படவில்லை. "புழுக்குச்சட்டியைக் கழுவி வை" என்று நேற்றே சொல்லிவிட்டார்.