ஹரிக்கேன்: சூறாவளியா, புயலா?

ஹரிக்கேன் என்ற சொல் நம் வீடுகளுக்குள் விளக்கோடுதான் நுழைந்தது. கரண்ட் வராத ஊர்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் திரி எரியும் மண்ணெண்ணெய் விளக்கை அரிக்கேன் விளக்கு என்றார்கள். பலத்த காற்றிலும் அணையாது என்பதால் ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது. இப்போது அதே சொல், கடலில் எழுந்து கரையைத் தாக்கும் பெருங்காற்றின் பெயராக, ஒவ்வொரு ஆண்டும் அமெரிக்கச் செய்திகளோடு திரும்பி வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: அதன் நடுவில் ஓர் அணுகுண்டைப் போட்டு நிறுத்திவிட முடியாதா? ஹரிக்கேனுக்குச் சரியான தமிழ்ச் சொல்லைத் தேடிப் போனபோது, எனக்கு இந்தக் கேள்விக்கான பதிலும் வழியிலேயே கிடைத்தது.

முதலில் பிறப்பு. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளான தைனோ மக்களின் சொல் ‘ஹுரக்கான்’. கொலம்பஸுக்குப் பின் அங்கே போன ஸ்பானியர்கள் அப்படி ஒரு காற்றை அதற்கு முன் பார்த்ததில்லை, எனவே அந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போனது. இன்றைய வானிலைத் துறையில் அதன் பொருள் வரையறுக்கப்பட்டது: அட்லாண்டிக்கிலோ வடகிழக்குப் பசிபிக்கிலோ உருவாகி, காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் அது ஹரிக்கேன். வடமேற்குப் பசிபிக்கில் அதற்கே டைஃபூன் என்று பெயர். நம் பக்கத்தில் சைக்ளோன். இந்தக் கடைசிச் சொல் கல்கத்தாவில் பிறந்தது. வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், பாம்பு சுருண்டு கிடப்பதைப் போன்ற சுழற்சியைக் குறிக்க, 1840களில் கிரேக்க வேரிலிருந்து உருவாக்கினார். ஆக, பெயர்தான் மூன்று. பொருள் ஒன்றே.

தமிழில் இதற்குப் பெரும்பாலும் ‘சூறாவளி’ என்று எழுதுகிறார்கள். சூறை, வளி இரண்டும் சேர்ந்த சொல். வளி என்றால் காற்று. சூறை என்றால் சுழன்றடிப்பது, கொள்ளையிடுவது (சூறையாடுதல் என்கிறோமே, அதே சூறை). நல்ல சொல்தான். இலங்கைத் தமிழர் 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்ததை இன்றும் சூறாவளி என்றே சொல்கிறார்கள். ஆனால் நிலத்தில் எழுந்து சில நிமிடங்களில் அடங்கும் டொர்னாடோவுக்கும் சிலர் இதையே போடுகிறார்கள். அது ஒரு குழப்பம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: இந்தச் சொல்லுக்குள் காற்று மட்டும்தான் இருக்கிறது.

இனி ‘புயல்’ என்ற சொல்லைப் பார்ப்போம். பழந்தமிழில் அதற்கு மேகம், மழை என்பதே பொருள். “ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்” என்கிறார் வள்ளுவர். மழை என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்ட மாட்டார்கள். இங்கே புயல் அழிக்க வருவதல்ல, சோறு போடுவது! பிற்காலத்தில்தான் அது பெருங்காற்றைக் குறிக்கத் தொடங்கியது. இந்தப் பழைய பொருளில் ஹரிக்கேனின் உண்மையான இயக்கமே ஒளிந்திருக்கிறது.

சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடான கடலிலிருந்து நீராவி எழுகிறது, மேலே போய்க் குளிர்ந்து மழையாகிறது, அப்போது தான் சுமந்து வந்த வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம்தான் இயந்திரம். காற்று அதில் சின்னப் பங்கு. மழை உருவாகும்போது வெளிவரும் ஆற்றல், காற்றின் ஆற்றலைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. முதிர்ந்த ஹரிக்கேன் விடும் வெப்பம், 20 நிமிடத்துக்கு ஒரு 10 மெகாடன் குண்டு வெடிப்பதற்குச் சமம் என்று அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன்தான், அதாவது இதில் அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் ஒரு குண்டைப் போட்டு எதை அணைப்பது?

இது வெறும் திண்ணைப் பேச்சாக இருந்துவிடவில்லை. 1959இல் ஜாக் ரீட் என்ற அமெரிக்க வானிலையாளர், நீர்மூழ்கிக் கப்பலைப் புயலின் கண்ணுக்கு (நடுவில் காற்று அடங்கியிருக்கும் வட்டம்) அடியில் கொண்டுபோய் அங்கிருந்து அணு ஏவுகணை விடலாம் என்றார். கண்ணில் உள்ள சூடான காற்றை மேலே தூக்கி எறிந்துவிட்டால் புயல் தளரும் என்பது அவர் யோசனை. அது நடக்கவில்லை, நல்லவேளை. குண்டின் அதிர்வலை ஒலியை மிஞ்சும் வேகத்தில் கடந்து போய்விடும். போனதும் காற்றழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அழுத்தம் என்பது மேலே நிற்கும் காற்றின் எடை. கண்ணில் அது குறைவாக இருப்பதால்தான் புயலுக்கு வலு. ஹரிக்கேன்களைக் காற்றின் வேகத்தை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். உச்சமான ஐந்தாம் வகைப் புயலை இரண்டாம் வகைக்கு இறக்க, 20 கிலோமீட்டர் ஆரமுள்ள கண்ணுக்குள் ஐம்பது கோடி டன்னுக்கு மேல் காற்றைச் சேர்க்க வேண்டும். குண்டு காற்றைச் சேர்க்காது, தள்ளத்தான் செய்யும். அப்புறம் கதிரியக்கத் தூசி. வெப்பமண்டலக் கடல்களில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வியாபாரக் காற்று (trade wind) அதைச் சுமந்துகொண்டு கரைக்குப் போகும். எந்த மக்களைக் காப்பாற்றப் புறப்பட்டோமோ, அவர்கள் குடிக்கும் நீரிலேயே அது விழும். இதை ஒரு தீர்வாகப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சூறாவளி என்று கேட்கும்போது, ஓங்கி அடித்தால் நின்றுவிடும் காற்று ஒன்றுதான் மனதில் வருகிறது. புயல் என்னும்போது கடலும் மேகமும் மழையும் சேர்ந்தே வருகின்றன. அதனால் ஹரிக்கேனுக்குப் ‘புயல்’ என்றே எழுதலாம் என்பேன்: கத்ரீனா புயல், மில்டன் புயல். இந்திய வானிலைத் துறை 62 கிலோமீட்டர் வேகத்திலேயே புயல் என்று பெயரிட்டுவிடுவதால், வேகத்தைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘ஐந்தாம் வகைப் புயல்’ என்று வகையையும் சேர்த்துக்கொள்ளலாம். இலங்கை வழக்கில் எழுதுபவர்கள் சூறாவளியையே வைத்துக்கொள்ளட்டும். அங்கே அந்தச் சொல்லோடு 1978இன் நினைவும் சேர்ந்திருக்கிறது.