எஃகில் தங்கம் எப்படிப் பிடித்து நிற்கிறது?

ராஜஸ்தானியக் கட்டாரிகளின் பிடியிலும் கஞ்சர் எனும் ஈரானியக் குத்துவாள்களின் அலகிலும் படரும் தங்கக் கொடிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பசையோ பற்றாசோ கிடையாது. கோஃப்த்காரி எனும் இந்த வேலைக்கு ஒரு காலத்தில் சியால்கோட் பேர்போனது. இன்றும் உதய்ப்பூரில் செய்கிறார்கள்.

துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்கிய எஃகில், கூரிய சிற்றுளியால் நெருக்கமாகக் கீறுவார்கள். அவற்றுக்குக் குறுக்கே இன்னொரு வரிசை, பலர் மூன்றாவதும் போடுவார்கள். கீறலின் ஓரங்களில் எஃகு அரத்தின் பற்கள் போல எழும்பி நிற்கும். மயிரிழைத் தங்கக் கம்பியை அதன்மேல் கோலப்படி வளைத்து வைத்து, சிறு சுத்தியலால் தட்டினால், மெத்தென்ற தங்கம் கீறல்களுக்குள் இறங்கும். பிசிறுகள் மடங்கி அதைக் கவ்விக்கொள்ளும். அதனால்தான் சொக்கத் தங்கம். செம்பு கலந்த தங்கம் கடினமானது, பள்ளத்தில் சரியாக இறங்காது. கீறல் மேலோட்டமாக இருந்தாலும் கம்பி உரிந்து வரும்.

பிறகு அகேட் கல்லால் அழுத்தித் தேய்த்து, தங்கம் இல்லாத இடத்துக் கீறல்களை மழுக்குவார்கள். கடைசியாக ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு. எஃகின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி, அதில் ஒளி அலைகள் குறுக்கிடுவதால் நீலம் தெரிகிறது. தங்கம் ஆக்சிஜனோடு சேராது, மஞ்சளாகவே நிற்கும்.

நீரோட்டம் போன்ற வரிகள் கொண்ட உருக்கு அலகுகளில் தங்கம் பெரும்பாலும் பிடியை ஒட்டியே இருக்கும். எங்கே கீறினாலும் அந்த வரி அழியுமே!

வாங்குபவர் கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் போதும். தேய்ந்த இடத்தில் குறுக்குக் கீறல்கள் தெரிந்தால் கோஃப்த்காரி. ஆழமான பள்ளத்தில் தங்கம் தடிமனாக நிறைந்திருந்தால் பதிப்பு வேலை. அதற்கு உழைப்பும் தங்கமும் கூடுதல், விலையும் அப்படியே. அடியில் செம்பு எட்டிப்பார்த்தால் பெரும்பாலும் பாதரச முலாம், அதாவது தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து பூசியது. பாதரசம் இரும்பில் ஒட்டாது என்பதால் முதலில் செம்பு பூச வேண்டும்.

பெரிய எதிரி துரு. ஈரம் பட்டால் தங்கத்தை ஒட்டிய இரும்பு மின்வேதி முறையில் இன்னும் வேகமாக அரிக்கப்படும். துரு பருத்து, தங்கத்தை அடியிலிருந்து தூக்கிவிடும். புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்கினால் நீலம் கரைந்து போகும். பாலிஷ் பசை தங்கத்தையே தேய்த்துவிடும். வெறுங்கையால் தொடாமல், மென்துணியால் துடைத்து, மெழுகு மெல்லியதாகப் பூசி உலர்ந்த இடத்தில் வையுங்கள். தோலுறைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.