பொத்தானை அழுத்தியது சிக்னலுக்கு எப்படித் தெரியும்?

சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாய்ச்சற் கோட்டுப்படம் புதிதல்ல. செவ்வகத்துக்குள் செயல், சாய்சதுரத்துக்குள் கேள்வி, அம்புக்குறி காட்டும் வழியே அடுத்தது. கொப்பியில் வரைந்து புள்ளி வாங்குவதோடு அது முடிந்துவிடுவதுதான் வருத்தம். ஃபுளோவோல் போன்ற மென்பொருளில் அதே படம் அப்படியே ஓடும். திரையில் இருக்கும் சிக்னல் விளக்குகள் எரிந்து அணையும்.

திருகோணமலை அநுராதபுரச் சந்தியை மனதில் வைத்து, இரண்டு வீதிகள் வெட்டிக்கொள்ளும் எளிய சந்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிவப்பை ஏற்று, 20 செக்கன் காத்திரு, பச்சையை ஏற்று என்று வரைந்தால் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே எரியும். ஒவ்வொரு விளக்கும் தனி வெளியீடு. அணைக்கச் சொல்லாதவரை எரிந்துகொண்டே இருக்கும். சரி, அணைத்தாயிற்று. அப்புறம் ஒரு வீதி சிவப்பானதும் மற்றதற்குப் பச்சை கொடுக்கலாமா? கூடாது. மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் ஓட்டோ செக்கனுக்கு ஏறத்தாழ 8 மீற்றர் போகும். 16 மீற்றர் அகலமான சந்தியைக் கடக்க அதற்கு 2 செக்கன் வேண்டும். அந்த 2 செக்கனும் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்க வேண்டும்.

உண்மையான சுவை பாதசாரிப் பொத்தானில் இருக்கிறது. 20 செக்கன் பச்சை முடிந்த பிறகு "பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா?" என்றொரு சாய்சதுரம் வைக்கிறோம். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 8ஆவது செக்கனில் அழுத்திவிட்டுக் கையை எடுத்த ஆச்சி கடக்கவே முடியாது. "20 செக்கன் காத்திரு" என்ற பெட்டிக்குள் நிற்கும்போது நிரல் வேறெதையும் பார்ப்பதில்லை. கேள்வி கேட்கும் அந்தக் கணத்தில் விரல் பொத்தானில் இருந்தால்தான் "ஆம்".

இதற்கு ஒரு வழி, காத்திருப்பைத் துண்டு துண்டாக உடைப்பது. 0.1 செக்கன் காத்திரு, பொத்தானைப் பார், திரும்பப் போ என்று 200 தடவை சுற்ற வேண்டும். எந்தச் சுற்றிலாவது "ஆம்" வந்தால், "கோரிக்கை" என்ற மாறியில், அதாவது நிரல் ஒரு மதிப்பை நினைவில் வைத்திருக்கும் இடத்தில், 1 எழுதி வைக்க வேண்டும். பச்சை முடிந்ததும் பொத்தானைக் கேட்காமல் அந்த மாறியைக் கேட்க வேண்டும். ஆச்சி கடந்த பின் அதை மறுபடி 0 ஆக்காவிட்டால், ஆளே இல்லாத கடவைக்கு ஒவ்வொரு சுற்றிலும் வாகனங்கள் நிற்கும். திரையில் இதை ஓடவிட்டுப் பார்க்கும் பிள்ளை நிரலின் நினைவகம் எதற்கு என்பதை மறக்கவே மாட்டாது.

வாகனம் வந்ததை அறிய வீதிக்கு அடியில் கம்பிச் சுருள் பதிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதில் ஆடலோட்ட மின்னோட்டம் பாயும். மேலே உலோகம் வந்தால் சுருளின் தூண்டல்திறன், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்பு, குறையும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கண்டுகொள்ளும். பஸ் என்றால் உடனே தெரியும். சைக்கிள் சுருளின் கம்பிக்கு நேர் மேலே நின்றால்தான் தெரியும். பிரட்ரிக் கோட்டைப் பக்கம் வீதியில் உலாவும் புள்ளிமான்கள் எத்தனை வந்து நின்றாலும் இந்தச் சுருளுக்குத் தெரியாது. அவற்றுக்காகச் சிக்னல் மாற வேண்டுமென்றால் கமெராவோ வெப்பத்தை உணரும் உணரியோ வேண்டும். பாய்ச்சற் கோட்டுப்படத்தில் சாய்சதுரம் இருந்த இடத்திலேயே இருக்கும்; எந்த உணரியைக் கேட்பது என்று அதற்குள் குறிக்கும் உள்ளீட்டின் எண்ணை மாற்றினால் போதும்.