ஆப்சென்டி பேலட்டை தபால் ஓட்டுன்னு எழுதறதை எப்போ நிறுத்துவோம்?

"விஸ்கான்சினில் தபால் ஓட்டுகளைப் பெட்டியில் போடத் தடை"ன்னு ஒரு செய்தி 2022ல வந்தது, இன்னும் சில பேர் அதை ஷேர் பண்ணிட்டு இருக்காங்க. படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? தபால் ஓட்டை தபால் பெட்டியில போடக்கூடாதுன்னா வேற எங்க போடறதுன்னுதானே? நடந்தது அது இல்லை. அந்த அமெரிக்க மாநிலத்தோட உச்ச நீதிமன்றம் தடுத்தது டிராப் பாக்ஸை, அதாவது தேர்தல் அலுவலகம் தெருவோரத்துல வெச்சிருக்கற ஆள் இல்லாத பெட்டியை. தபால்ல அனுப்பறது எப்பவும் போல இருந்துச்சு. 2024 ஜூலைல அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாத்திடுச்சு, பெட்டி திரும்ப வந்தாச்சு. இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் 'ஆப்சென்டி பேலட்'டை, அதாவது சாவடிக்குப் போகாம வெளியிலிருந்தே நிரப்பிக் குடுக்கற வாக்குச்சீட்டை, 'தபால் ஓட்டு'ன்னு எழுதினதுதான்.

சொல் பிறப்பை சுருக்கமா சொல்லிடறேன். ஆப்சென்ட்ங்கறது லத்தீன், 'அப்பால் இருத்தல்'னு பொருள். ஆப்சென்டி அப்படி அப்பால இருக்கற ஆள், அயர்லாந்துல நிலம் வெச்சுக்கிட்டு இங்கிலாந்துல உக்காந்து குத்தகை வாங்கின நிலக்கிழார்களை ஒரு காலத்துல இப்படித்தான் சொன்னாங்க. பேலட் இத்தாலிச் சொல், சின்ன உருண்டை, வெனிஸ்ல உருண்டையைப் போட்டு வாக்கெடுத்தாங்க. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க, தபால் எங்கயாவது இருக்கா? வரலாற்றுலயும் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயம் விஸ்கான்சின் 1862லயே சிப்பாய்களுக்காக சட்டம் போட்டுச்சு, 1864ல லிங்கன் நின்ன தேர்தல்ல பல மாநிலச் சிப்பாய்கள் முகாம்லயே பெட்டி வெச்சு ஓட்டு போட்டாங்க. ஊர்ல இல்லாதவன் போடற ஓட்டு, அதுதான் கரு.

இப்போ 'அஞ்சல் வாக்கு' கட்சிக்கு வரேன். இவங்க சொல்றது, தபால் மராத்தி, இந்தி பக்கமிருந்து வந்த சொல், ஓட்டு இங்கிலீஷ், ரெண்டையும் தூக்கிட்டு 'அஞ்சல் வாக்கு'ன்னு போட்டா தூய தமிழ் ஆயிடும், வேலை முடிஞ்சுதுன்னு. எனக்கும் தூய தமிழ் பிடிக்கும், அஞ்சல்னே எழுதறவன்தான் நான். ஆனா தப்பு சொல்லோட ஊர்ல இல்லைங்க, பொருள்ல இருக்கு. தப்பான பொருளை நல்ல தமிழ்ல சொன்னா அது இன்னும் உறுதியா நிக்குமே தவிர சரியாகாது. (இதுல வாக்கும் சமஸ்கிருதத்துல இருந்து வந்ததுதான், அதை விட்டுட்டு தபாலை மட்டும் துரத்தறாங்க.)

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அமெரிக்காவுல சண்டையே அந்தச் சீட்டு வாக்காளர் கையிலிருந்து தேர்தல் அலுவலகத்துக்கு எந்த வழியா போய்ச் சேரணும்ங்கறதுலதான். அதுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேற. டெக்சாஸ்ல நேர்ல குடுக்கணும்னா தேர்தல் நாள் அன்னிக்கு வாக்காளரே போய் அடையாள அட்டை காட்டித்தான் குடுக்கணும். 2020 அக்டோபர்ல ஆளுநர் கிரெக் அபாட் நேர்ல வாங்கற இடம் கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) ஒண்ணுதான்னு உத்தரவு போட்டார், 40 லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கற ஹாரிஸ் கவுண்டிக்கும் ஒண்ணுதான். கலிஃபோர்னியாவுல நேர் எதிர், 2016 சட்டத்துக்கப்புறம் நீங்க யார்கிட்ட வேணா குடுத்து அனுப்பலாம், அவங்க எத்தனை சீட்டு கொண்டுபோறாங்கன்னு காசு வாங்கக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்து அரிசோனாவுல அதே 2016ல வந்த சட்டப்படி குடும்பத்தார், கூட வசிக்கறவங்க, பராமரிக்கறவங்க, தபால், தேர்தல் ஊழியர்கள் தவிர வேற யாராவது சீட்டை வாங்கிட்டுப் போனா பெருங்குற்றம். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2021ல 6-3ன்னு நிலைச்சுது. இதுல சண்டை எங்கயும் தபால்காரரைப் பத்தி இல்லை பாருங்க! இதையெல்லாம் 'தபால் ஓட்டை நேரில் கொடுக்க வேண்டும்', 'தபால் ஓட்டை மகன் கொண்டுபோகலாம்'னு எழுதினா வாக்கியமே தன்னை மறுக்குது.

இன்னும் பெரிய சிக்கல் பென்சில்வேனியா. 2019ல அங்க போட்ட 77ஆம் சட்டத்துக்கப்புறம் ரெண்டு வகை இருக்கு. காரணம் காட்டி வாங்கற ஆப்சென்டி பேலட் ஒண்ணு, காரணமே இல்லாம யாரும் வாங்கக்கூடிய மெயில்-இன் பேலட் இன்னொண்ணு. சட்டமே தனித்தனியா பேர் வெச்சிருக்கு. ரெண்டாவதைத்தான் அஞ்சல் வாக்குச்சீட்டுன்னு சொல்லணும், அதுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். அதை முதல் வகைக்கே செலவு பண்ணிட்டா ரெண்டாவதுக்கு என்ன வெச்சிருக்கோம்? அந்த மாநிலத்தைப் பத்தி நேர்மையா ஒரு பத்தி தமிழ்ல எழுதவே முடியாது.

நம்ம ஊர்லயும் இந்தப் பழக்கம்தான். 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல 85 வயசு தாண்டினவங்க, மாற்றுத்திறனாளிகள் 12டி படிவத்துல விண்ணப்பிச்சா அலுவலர்களே வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கிட்டுப் போனாங்க, அதையும் தபால் ஓட்டுன்னுதான் எழுதினாங்க, எந்தத் தபால்ல போச்சு அது?

சரி, மாற்று என்ன. 'வராதோர் வாக்கு'ன்னு சிலர் சொல்றாங்க, பொருள் கிட்ட வருது, ஆனா நம்ம காதுல அது கள்ள ஓட்டு மாதிரி விழும், வராதவங்க ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்கன்னுதான் இங்க பேச்சு வழக்கு. சுருக்கி 'வாரா வாக்கு'ன்னா வாராக்கடன் ஞாபகம் வரும், திரும்பவே வராததுன்னு ஆயிடும். 'இல்லாதோர் வாக்கு'ன்னா ஏழைங்க ஓட்டு. என் தேர்வு 'வெளிவாக்குச்சீட்டு'. சாவடிக்கு வெளியே இருந்து போடற சீட்டு, அப்பால் இருத்தல்ங்கற பழைய பொருளும் இருக்கு, எந்த வழியா வந்து சேருதுன்னு அதுவா தீர்மானிக்கல. வெளிநாட்டு ஓட்டோட குழம்பாதான்னு கேப்பீங்க, வெளிநாட்டுல இருக்கற அமெரிக்கர்களுக்கு 1986 கூட்டாட்சிச் சட்டம் குடுக்கறதும் இதே ஆப்சென்டி ஓட்டு உரிமைதான், அதனால அதுவும் இதுக்குள்ள அடக்கம்.

'பேலட்'டை ஓட்டுன்னு எழுதறதும் இதே அவசரம்தான். பேலட் சீட்டு, அது எண்ணப்பட்டாதான் ஓட்டு. பென்சில்வேனியாவுல சீட்டுக்கு உள்பக்கம் ஒரு ரகசிய உறை, வெளிய கையெழுத்து போடற உறைன்னு ரெண்டு இருக்கு, உள் உறை இல்லாம வந்த சீட்டு செல்லாதுன்னு 2020ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னப்போ தள்ளுபடியானது சீட்டு, ஓட்டா அது ஆகவே இல்லை.

கடைசியா, 'ரிட்டர்ன்'. 'இவ்வளவு தபால் ஓட்டுகள் திருப்பி அனுப்பப்பட்டன'ன்னு எழுதறாங்களே, அதைப் படிச்சா அதிகாரிங்க நிராகரிச்சு திருப்பி அனுப்பிட்டாங்கன்னுதான் எவரும் புரிஞ்சுப்பாங்க. உண்மையில வாக்காளர் நிரப்பி ஒப்படைச்ச சீட்டுங்க அது, தலைகீழ் அர்த்தம்! தோத்த கட்சிக்காரன் கையில அந்த வரி கிடைச்சா போதும், மோசடின்னு வாட்ஸ்அப்ல ஊரெல்லாம் சுத்தும். மொழிபெயர்க்கறவங்க அகராதியைத் தொடறதுக்கு முன்னாடி அந்த மாநிலத் தேர்தல் அலுவலகம் வாக்காளருக்குப் போட்டிருக்கற விளக்கத்தை ஒரு தடவை படிக்கணும், ரொம்ப எளிமையாத்தான் எழுதியிருப்பாங்க. ரிட்டர்னுக்கு 'ஒப்படைத்தல்'னு போடுங்க, டிராப் பாக்ஸுக்கு 'சீட்டு சேர்ப்புப் பெட்டி'ன்னு போடுங்க, அதுவும் பிடிக்கலையா, டிராப் பாக்ஸ்னே தமிழ் எழுத்துல விட்டுடுங்க, 'தபால் பெட்டி'ன்னு மட்டும் எழுதாதீங்க.